துவக்கின் மேல் போட்ட பழி

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கக் கண்ணாடி தேடுகிற வயதுக்கு நாம் எல்லோரும் வந்துவிட்டோம். மருந்துப் போத்தலைப் பேரப்பிள்ளையிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறோம். பிள்ளை கைத்தொலைபேசியிலிருந்து தலையை எடுக்காமலே ‘சாப்பிட்ட பிறகு’ என்கிறது. அதை நம்பி விழுங்குகிறோம். எனக்கு இப்போது எதைப் பற்றியும் கோபப்பட அலுப்பாக இருக்கிறது. ஆனால் கண் என்று பேச்சு வந்தால் ஒரு பழைய வேட்டைத் துவக்கு ஞாபகம் வந்துவிடும். கண்ணுக்கும் துவக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இருந்தது.

அப்போது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் குடியிருந்தோம். இன்று அந்த இடத்தில் ஆறு மாடிக் கட்டிடம் நிற்கிறது. எந்த மாடியில் நின்றாலும் பக்கத்துக் கட்டிடத்தின் குசினிதான் தெரியும். அன்று வாசலில் நின்றால் கடல் தெரிந்தது. ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி, பூட்டு, தையல் மெஷின் எல்லாம் துரு ஏறும். துரு ஏறாத ஒரே இரும்பு அப்பாவின் துவக்கு. அதற்கு எண்ணெய் போடுவதற்கென்று அம்மாவின் பழைய வொயில் சேலையிலிருந்து கிழித்த துண்டு ஒன்று வைத்திருந்தார். அந்த எண்ணெய் மணம்தான் எனக்கு அப்பாவின் மணம்.

அப்பா நில அளவையாளர். முக்காலியில் நிற்கிற கருவிக்குள் வலது கண்ணை வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் எங்கள் அடுப்பை எரியவைத்தார். காடு, குளம், வாய்க்கால் என்று பாதி வருஷம் வெளியில் இருப்பார். கந்தோர் மேசையை அவர் வெறுத்தார். ‘மேசையிலை இருக்கிறவன் அளக்கிறேல்லை, கையெழுத்துத்தான் வைக்கிறான்’ என்பார். நான் சொல்லும் அந்த வருஷம், வன்னியில் பெரிய குளத்து வேலை ஒன்றுக்கு அவரைத் தலைமையாக அனுப்பப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதே வருஷம்தான் அவருடைய வலது கண் போகத் தொடங்கியது. அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை என்று இப்போது நினைக்கிறேன். கண் கெட்டது தெரிந்தால் மேசைதான். அதனால் பழி முழுவதையும் துவக்கின் மேல் போட்டார்.

அது சிறிய ரக வேட்டைத் துவக்கு. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் விட்டுப்போனது. மானுக்கு அது காணாது, பெரிய துவக்கு வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். ‘பட வேண்டிய இடத்திலை பட்டால் காணும்’ என்பது அப்பாவின் பதில். அதனாலேயே குறி பிசகக்கூடாது என்பதில் அவருக்கு ஒரு வெறி. ஒவ்வொரு வருஷமும் கோடையில் வேட்டைக்குப் போகுமுன், சில ஞாயிறுகள் இரத்மலானையில் ஒரு நண்பரின் தென்னங்காணிக்குப் போய்த் துவக்கின் குறியைச் சரிபார்ப்பார். அவரோடு மாமாவும் போவார். அம்மாவின் தம்பி. வங்கியில் கிளாக்கர். தலைக்கு எண்ணெய் வைத்து மடிப்புக் கலையாமல் உடுத்துகிற மனிதர். அக்கா சொன்னதை ஒருநாளும் மறுத்தறியாதவர். வீட்டில் எனக்கு விளையாட ஆளில்லை என்பதால் என்னையும் கூட்டிப்போவார்கள்.

ரயிலில் போவோம். துவக்கை அளவைத் தடிகளோடு சேர்த்து கன்வஸ் துணியில் சுற்றியிருப்பார் அப்பா. கார்ட் வந்து “மே மொனவத, மாத்தயா?” என்று, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டால், “சர்வே படு”, அளவைச் சாமான் என்பார். பொய் சொன்னதாக அவர் முகத்தில் ஒன்றும் இருக்காது. மாமாதான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

காணியின் கடைசியில் சிவப்புக் கல் வெட்டிய பள்ளம் ஒன்று இருந்தது. அதன் செங்குத்துச் சுவருக்கு முன்னால் ஒரு பலகை. பலகையில் நடுவே கறுப்பு வட்டம் வரைந்த தாள். முதலில் கிட்ட நின்று சுடுவார். ஓட்டைகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பார்ப்பார். துவக்கின் பின்பக்கக் குறி ஏறி இறங்கும்படி செய்திருந்தது. அதை ஏற்றுவார், இறக்குவார். பிறகு காணியின் மற்ற அந்தத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டு தூரத்திலிருந்து சுடுவார். அங்கிருந்து பார்த்தால் தாள் தீப்பெட்டி அளவுதான். வெடிச் சத்தத்துக்குக் காகங்கள் எல்லாம் எழும்பிக் கத்தும். அம்மா வாழையிலையில் கட்டித் தந்த இடியப்பமும் சம்பலும் வெடிமருந்து மணக்கிற கையால் சாப்பிட்டால்தான் ருசி என்று மாமா சொல்வார்.

மாமா சுட்டால் ஓட்டைகள் தாள் முழுக்கப் பரந்து கிடக்கும். அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். “மச்சான், கேளும். ஓட்டையெல்லாம் ஒரு பக்கத்திலை கூடி விழுந்தால் துவக்குப் பிழை. குறியைத் திருப்பினால் சரிவரும். சிதறி விழுந்தால் ஆள் பிழை. அதுக்குத் திருப்ப ஆணி இல்லை.”

“அப்ப என்னை எந்தக் கடையிலை குடுத்துத் திருத்திறது, அத்தான்?”

“உமக்கு ஒரு கலியாணத்தைச் செய்து வைச்சால் அவள் திருத்துவாள்.”

இப்படித்தான் போகும் எங்கள் ஞாயிறுகள். அந்த வருஷம் மட்டும் சிரிப்பு இல்லை. அப்பா சுட்ட ஓட்டைகளே சிதறி விழுந்தன. கிட்ட நின்று சுட்டபோது அவ்வளவு தெரியவில்லை. எட்டப் போனதும் ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று தாளுக்கு வெளியே. முதல் ஞாயிறு தோட்டா பழசு என்றார். அடுத்த ஞாயிறு காற்று. அதற்கடுத்த ஞாயிறு தென்னோலை நிழல் முன்பக்கக் குறிமுள்ளில் விழுகிறது என்றார். குறியைத் திருப்பினார், சுட்டார், மறுபடி திருப்பினார். தான் வருஷா வருஷம் சொல்லிச் சிரித்த பாடத்தை அவர் ஒருமுறையும் வாயால் எடுக்கவில்லை. மாமாவும் எடுக்கவில்லை.

வீட்டில் அவர் பேச்சுக் குறைந்துகொண்டே போனது. தேத்தண்ணியை வாங்கக் கை நீட்டினால் கோப்பையின் பக்கத்தைத் துழாவியது. தினமும் தாண்டுகிற வாசல்படியில் இடறினார். அம்மா ஒருநாள் மெல்லச் சொன்னாள்.

“இஞ்சாருங்கோ, கண்ணை ஒருக்காக் காட்டினால் என்ன?”

“கண்ணுக்கு ஒண்டுமில்லை. துவக்குக்குத்தான் சுகமில்லை.”

“வாசல்படியிலை இடறினதும் துவக்கோ?”

அப்பா எழுந்து துவக்கைத் துடைக்கப் போனார். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. கோப்பை பறக்கிற வீடாக இருந்தால் சத்தம் போட்டு முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு மூலையில் மௌனமாக இருந்தே ஆளை ஆள் கொல்வார்கள்.

அந்தக் கிழமை மாமா வந்திருந்தார். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய்ச் சொட்டு எடுத்துத் தின்றுகொண்டிருந்தேன். என்னை ஒரு ஆளாக அவர்கள் எண்ணவில்லை.

“தம்பி, அவர் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமோ? ஒருக்காவெண்டாலும் அந்தத் தாளிலை நல்லாப் படட்டும்.”

“அது என்ரை கையிலையோ அக்கா இருக்கு?”

“தாளைக் கழட்டிக்கொண்டு வாறது நீதானே?”

மாமா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, “பாவம் அக்கா, அது அத்தானுக்குச் செய்யிற துரோகம்” என்றார். அம்மாவின் கை துருவலையில் நிற்காமல் ஓடியது. “நம்பிக்கை போனால் மனிசன் படுத்திடும். மனம் தெளிஞ்சால் நானே பக்குவமாச் சொல்லிக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவன்” என்றாள். அவள் அதை நம்பித்தான் சொன்னாள். நல்ல மனத்தோடுதான் சொன்னாள். இதை இன்று எழுதும்போது எனக்கு அவள் மேல் கோபம் வரமாட்டேன் என்கிறது. களைப்புத்தான் வருகிறது.

அடுத்த ஞாயிறு தாளைக் கழற்ற மாமாவோடு நானும் பள்ளத்துக்கு ஓடினேன். மாமா பலகையிலிருந்த தாளைக் கழற்றி நாலாக மடித்து தேங்காய் உரிமட்டைக் குவியலுக்கு அடியில் திணித்தார். சேட்டுக்குள்ளிருந்து இன்னொரு தாளை எடுத்தார். அதில் ஏற்கெனவே ஓட்டைகள் இருந்தன. பென்சிலைக் குத்திச் சுழற்றியிருந்தார். குண்டு போன ஓட்டை போலவே விளிம்பில் சாம்பல் வளையம். நடுவட்டத்தில் குத்தவில்லை. அதற்குக் கீழே, எல்லாம் நெருக்கமாகக் கூடி இருக்கும்படி குத்தியிருந்தார். நடுவிலே குத்தினால் அத்தான் சந்தேகப்படுவார், தூரத்தில் குண்டு இறங்கத்தான் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பாவிடம் கேட்ட பாடத்தை வைத்தே அப்பாவை ஏமாற்றினார். வங்கியில் வேலை பார்ப்பவர். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிற கை.

“பிள்ளை, நீ ஒண்டும் காணேல்லை, என்ன?” என்றார். நான் தலையாட்டினேன்.

அப்பா தாளை வாங்கி முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். விரலால் ஓட்டைகளைத் தடவினார். ஒன்று, இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவருடைய முகம் மாறியதை என்னால் மறக்கமுடியாது. காய்ச்சல் விட்ட பிள்ளையின் முகம் போல இருந்தது.

“மச்சான்! கூடி விழுந்திருக்கு! பாரும், ஒரு சாணுக்குள்ளை எல்லாம். துவக்குத்தான் பிழை. நான் சொன்னனான்தானே?”

“ஓம் அத்தான்” என்றார் மாமா.

அப்பா அங்கேயே மணலில் குந்தியிருந்து ஈர்க்குச்சியால் கோடு கீறினார். நாட்கணக்கில் பேசாத மனிதர் அன்று நிறுத்தாமல் கதைத்தார். “குண்டு நேரே போகுதெண்டுதான் எல்லாரும் நினைக்கிறது. இல்லை. குழாய் வாயை விட்டு வெளிக்கிட்டவுடனை விழத் தொடங்கிடும். நாங்கள் பாக்கிற கோடு நேர்; அது போற பாதை வளைவு. அதுக்காகத்தான் குழாயைக் கொஞ்சம் மேல் நோக்கிப் பிடிக்கிற மாதிரிக் குறியை வைக்கிறது. வளைவு ஒருக்காக் கிட்டத்திலை கோட்டைத் தாண்டி மேலை போகும், எட்டத்திலை வந்து திரும்பச் சந்திக்கும். அதுக்கு அங்காலை விழுறதுதான். தூரம் ரெண்டு மடங்கெண்டால் விழுற அளவு நாலு மடங்கு. இப்ப பாரும், இது இவ்வளவு கீழை விழுந்திருக்கு. பின்குறியை இந்தளவு ஏத்தினால் காணும்.”

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பிற்காலத்தில் படித்துப் பார்த்தபோதும் அவர் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. பென்சில் ஓட்டையை வைத்துப் போட்ட கணக்கு என்பது மட்டும்தான் குறை. பின்குறியை ஏற்றினார். மறுபடி சுட்டார். மாமா என்ன செய்வார்? இன்னொரு தாளை நடுவட்டத்தில் குத்திக்கொண்டு வந்து கொடுத்தார். ரயிலில் திரும்பி வரும்போது அப்பா மெல்லிய குரலில் தேவாரம் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். எதிரில் இருந்த மாமா, தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அம்மா எங்கே கண்ணைப் பற்றிப் பேசுவது? மனிசன் சிரிக்கிறார், சாப்பிடுகிறார், இரவில் நித்திரை கொள்கிறார். ‘வேட்டை முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் ஒழுங்கை முழுவதற்கும் மான் இறைச்சி வத்தல் தருவதாகச் சொல்லியாகிவிட்டது. பக்கத்து வீட்டு வாத்தியார் சைவம். ‘அவருக்குத் தெரிய வேண்டாம், பிள்ளையளுக்குத்தான்’ என்று அவர் மனைவி மூடியோடு ஒரு சட்டியே கொடுத்தனுப்பியிருந்தாள்.

அப்பாவும் மாமாவும் வேட்டைக்குப் போன நாலாவது நாளே திரும்பி வந்துவிட்டார்கள். மத்தியான ரயிலில் வந்து, வெயிலில் நடந்து வந்தார்கள். கையில் ஒன்றுமில்லை. மாமாவின் கன்னத்தில் பெரிய பிளாஸ்டர்.

நடந்தது இதுதான். குளக்கட்டின் ஒரு தலைப்பில் மாமா நின்று மானைக் கலைக்கவேண்டும். அப்பா எதிரே மர நிழலில் இருந்து சுடவேண்டும் என்பது ஏற்பாடு. மாமா கட்டு வழியே நகர்ந்து நகர்ந்து அப்பாவுக்கு நேர் எதிரே வந்துவிட்டார். மான் கட்டின் அடியில் தண்ணீர் ஓரமாக நின்றது. அப்பா சுட்டார். குண்டு மானுக்கு மேலால் போய், குளக்கட்டில் மாமா குந்தியிருந்த கல்லில் பட்டது. கல்லுச் சிதறல் கன்னத்தைக் கிழித்தது. இன்னும் ஒரு கை அகலம் தள்ளியிருந்தால் மாமா இல்லை.

அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்தார். சேட்டைக்கூடக் கழற்றவில்லை. அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள்; அது அப்படியே இருந்தது.

“வெள்ளைச் சேட்டோடை இருந்த மனிசனை நான் காணேல்லை” என்றார். “அது என்ரை பிழை. ஆனால் குறி சரி. குறி சரியெண்டால் குண்டு ஏன் மேலாலை போனது? அந்தத் தூரத்துக்கு இறங்கத்தானே வேணும்?”

ஒரு தாளை எடுத்துப் பழையபடி கோடு கீறத் தொடங்கினார். கீறினார், வெட்டினார், திரும்பக் கீறினார். மாமா வாசலில் சப்பாத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவரால் அதைப் பார்க்க முடியவில்லை.

“விடுங்கோ அத்தான். உங்கடை கணக்குச் சரி. தாள்தான் பொய்.”

அப்பா தலையை நிமிர்த்தினார்.

“அந்த ஓட்டையள் நான் பென்சிலாலை குத்தினது. கடைசி ரெண்டு தாளும். நீங்கள் சுட்ட தாளை ஒளிச்சுப் போட்டன்.”

ஒரு ரயில் போனது. அலுமாரிக் கண்ணாடி நடுங்கி ஓய்ந்தது.

“ஆர் சொல்லிச் செய்தனீர்?”

“ஒருத்தரும் இல்லை. நானாத்தான்.”

“அவன் பொய் சொல்றான்” என்றாள் அம்மா. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நான்தான் சொன்னனான். நீங்கள் அந்தத் தாளை வைச்சுக்கொண்டு இருந்த இருப்பை என்னாலை பாக்க ஏலாமல் போச்சு.”

அப்பா எழுந்து அடிப்பார் என்று நான் பயந்தேன். துவக்கை எடுத்துக் கடலில் எறிவார் என்றும் நினைத்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. மாமாவைப் பார்த்து, கந்தோரில் அளவு கேட்கிற குரலில் கேட்டார்.

“நான் சுட்ட தாளிலை எப்பிடி விழுந்திருந்தது?”

மாமா அழத் தொடங்கினார். “சிதறி, அத்தான்.”

“நல்லாச் சிதறியோ?”

“ஓம். சிலது தாளிலையே இல்லை.”

அப்பா தலையை ஆட்டினார். கீறிக்கொண்டிருந்த தாளை மடித்துக் கதிரைக்குக் கீழே வைத்தார். அதன் பிறகு மோரை எடுத்துக் குடித்தார். வாத்தியார் மனைவியின் சட்டி வெறுமையாகத் திரும்பிப் போனது.

துவக்கு அதன்பின் சில வருஷம் அலுமாரிக்கு மேல் கிடந்தது. எல்லாரும் துவக்குகளைப் பொலிசில் ஒப்படைக்கவேண்டும் என்று அரசாங்கம் சொன்ன வருஷம் அதையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். திரும்பி வரவில்லை; கேட்கவும் இல்லை. வன்னிக் குளத்துக்கு வேறு யாரோ போனார்கள். அப்பா ஓய்வு பெறும்வரை மேசையில் இருந்து கையெழுத்து வைத்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போய்விட்டது, போனது போனதுதான், இன்னும் முந்திக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் என்று டொக்டர் சொன்னார். அந்த ‘முந்தி’ என்ற சொல்லைச் சுமந்துகொண்டு அம்மா மிச்சக் காலம் முழுவதும் நடந்தாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

ஆனால் டொக்டர் அதைச் சொல்வதற்கு முந்திய அரை மணி நேரத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். வேட்டையிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, அப்பா தானே வெளிக்கிட்டுக் கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம் என்றார். மூவரும் போனோம். நீண்ட அறை. தூரத்துச் சுவரில் ஆங்கில எழுத்துகள் வரி வரியாகச் சிறுத்துக்கொண்டு போகிற அட்டை. ஒரு வாங்கில் அப்பாவை இருத்தி, இடது கண்ணைக் கையால் பொத்தச் சொன்னார்கள். அம்மாவும் நானும் அவருக்குப் பின்னால் நின்றோம்.

முதல் வரியில் இருந்த பெரிய எழுத்தைச் சொன்னார். இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். டொக்டர் காத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் பிடரியில் வியர்வை இறங்கியது.

அப்போது என் பக்கத்தில் ஒரு முணுமுணுப்புக் கேட்டது. அம்மா. சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு, அப்பாவின் காதுக்கு மட்டும் எட்டும்படி, அந்த வரியின் முதல் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தாள். இன்னொருமுறையும் சொன்னாள். அவளுக்கு அப்போதும் விடமுடியவில்லை.

அப்பா திரும்பவில்லை. பொத்திய கையையும் எடுக்கவில்லை.

“வேண்டாம்” என்றார். “தெரியேல்லை எண்டாவது நான் சொல்ல விடும்.”

பிறகு டொக்டரைப் பார்த்து, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“தெரியேல்லை, டொக்டர்.”

“அடுத்த வரி?”

“அதுவும் தெரியேல்லை.”